ஆனில் நின்ற வண்டி: சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு வீல்சேர் விபத்தின் நிகழ்வு ஆய்வு

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் நெடுங்காலம் மெஷின் ஓட்டியவர் அவர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறி, தவறி விழுந்து, கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டது. வயது ஐம்பதைத் தாண்டியவர். மருத்துவச் சீட்டில் 'சி6' என்று இருக்கிறது, அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது அளவு. நடைமுறையில் அதற்குப் பொருள் இது: தோளை அசைக்கலாம், முழங்கையை மடக்கலாம், மணிக்கட்டை மேலே தூக்கலாம். மடக்கிய முழங்கையைப் பலத்தோடு நீட்ட முடியாது, விரல்களால் எதையும் இறுகப் பிடிக்க முடியாது. கட்டைவிரல் பக்கம் தொட்டால் தெரியும், சுண்டுவிரல் பக்கம் தெரியாது. நெஞ்சுக்குக் கீழே சூடு, வலி, ஈரம் எதுவும் தெரியாது.

பார்த்துக்கொள்பவர் அவர் மனைவி. பகலில் வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர்களை நான் அண்ணன், அக்கா என்று கூப்பிடுவதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். இருவரும் சம்மதித்துத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளை முடிந்தவரை தாமே செய்யப் பழக்குபவன். வீடு வீடாகப் போகும் வேலை. எத்தனை முறை சொன்னாலும் எல்லா வீட்டிலும் நான் 'பிசியோ தம்பி'தான்.

வண்டி ஒரு முகாமில் கிடைத்தது. பேட்டரி வீல்சேர், வலது கைப்பிடியில் ஜாய்ஸ்டிக், சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். வண்டியும் ஆளுமாக 130 கிலோவுக்கு மேல் வரும்.

மேசையில் நடந்தது

அண்ணனால் கையை முன்னால் நீட்டித் தட்டை எட்ட முடியாது. அதனால் தட்டுதான் அவரிடம் வர வேண்டும். இதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். அண்ணன் மேசைக்கு முன்னால் வண்டியை நிறுத்துவார். அக்கா மேசையின் விளிம்பை இரண்டு விரற்கடை உயரம் தூக்கி, ஜாய்ஸ்டிக்கின் தலையைத் தாண்டவைத்து, அண்ணனின் மடிக்கு மேல் இழுத்து இறக்குவார். சாப்பிட்டு முடிந்ததும் அதேபோல் தூக்கி அப்பால் தள்ளுவார். பல மாதங்களாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அன்று இரவு இட்லியும் சாம்பாரும். சாம்பார் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியது, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தது. அண்ணனின் கையில் ஸ்பூன் செருகும் பட்டையைக் கட்ட மறந்திருந்தார்கள். அதைக் கட்ட இடம் வேண்டும் என்று அக்கா மேசையைக் கொஞ்சம் அப்பால் தள்ளினார், தூக்காமல்.

மேசைப் பலகைக்கு அடியில், விளிம்பை ஒட்டி, ஒரு மரச்சட்டம் ஓடுகிறது. ஜாய்ஸ்டிக்கின் தலை அந்தச் சட்டத்துக்கு உள்பக்கம் நின்றிருந்தது. மேசை அப்பால் நகர்ந்ததும் சட்டம் தலையை முன்னால் சாய்த்தது. ஜாய்ஸ்டிக் முன்னால் சாய்ந்தால் வண்டி முன்னால் போகும். வண்டி ஆனில் இருந்தது. போயிற்று. வண்டி மேசையைத் தள்ளியது, டைல்ஸ் தரையில் மேசை வழுக்கிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. வண்டி நிற்கவில்லை.

அக்கா பின்னால் ஓடி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் இந்த இடத்தில் இழுப்பு உதவாது. வண்டி பின்னால் வர வர, சட்டம் ஜாய்ஸ்டிக்கை இன்னும் முன்னால் சாய்க்கும். இழுக்கிற பலம் கூடக்கூட மோட்டாருக்குக் கிடைக்கும் கட்டளையும் கூடும். ஆஃப் பொத்தானோ ஜாய்ஸ்டிக் பெட்டியின் மேல்முகத்தில் இருக்கிறது, அதாவது மேசைக்கு அடியில்.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று அண்ணன் கத்தியிருக்கிறார். எங்கே என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கடைசியில் மேசையின் முனையைத் தூக்கினார். ஜாய்ஸ்டிக் நடுவுக்குத் திரும்பியது, வண்டி நின்றது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்கிறார்கள் இருவரும்.

அந்த நேரத்துக்குள் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. கழுத்தில் அடிபட்ட ஒருவருக்கு முழங்கையை மடக்கும் தசை வேலை செய்து நீட்டும் தசை வேலை செய்யாவிட்டால், திடுக்கிட்ட கை உள்பக்கமாகத்தான் வரும். அண்ணனின் இடது கை மேசைமேல் இருந்தது. வண்டி முட்டியபோது கை மடங்கி, கிண்ணத்தை அணைத்தபடி நெஞ்சை நோக்கி வந்தது.

அடுத்த அரை மணி நேரம்

தரையில் சாம்பார் சிந்தியிருந்தது. அக்கா அதைத் துடைத்தார். "ஒங்களுக்கு ஏதும் ஆச்சா?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ மொதல்ல தரையத் தொடச்சிரு" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை ஒன்றும் ஆகவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. முகம் சிவந்து நெற்றியில் வியர்த்தது, கையில் மயிர்க்கூச்செறிந்தது. அக்காவுக்கு இது தெரிந்த சமாச்சாரம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தண்டுவடத்தில் டி6 என்ற அளவிலோ (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது அளவு) அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு வருவது இது. உணர்வற்ற பகுதியில் ஏதாவது உறுத்தினால் மூளைக்கு வலியாகப் போய்ச் சேராது, ரத்த அழுத்தம் மட்டும் தாறுமாறாக ஏறும். ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்பது அதன் பெயர். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவுவரை போகலாம். வீட்டில் பி.பி. பார்க்கும் மெஷின் இருக்கிறது. சாதாரண நாளில் அண்ணனின் மேல் அழுத்தம் 100 பக்கம் நிற்கும். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு அது குறைவாகவே இருப்பது வழக்கம். அன்று 160ஐத் தாண்டியிருந்தது.

அக்கா செய்தது எல்லாமே சரி. படுக்கவைக்கவில்லை, நிமிர்த்தி உட்காரவைத்தார். இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தினார். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தார். இந்தச் சிக்கலுக்கு முதல் காரணம் பெரும்பாலும் அதுதான். குழாய் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் கைலியை விலக்கிப் பார்த்திருக்கிறார். இரண்டு தொடைக்கும் நடுவில் ஈரம், வலது தொடையின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, ஓரத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. சாம்பாரில் நனைந்த துணி அத்தனை நேரமும் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"கீழதான் கொட்டுச்சுன்னு நெனச்சேன் தம்பி. அவரும் ஒண்ணும் இல்லன்னாரு."

துணியை உரித்து, குளியலறைக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டிருக்கிறார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா இட்லி மாவு பூசச் சொன்னாராம், இன்னொருவர் பேஸ்ட். எதையும் பூசவிடவில்லை. அழுத்தம் இறங்க ஆரம்பித்த பிறகு ஆட்டோவில் மருத்துவமனை. புண் ஆற வாரங்கள் ஆயின. உணர்வில்லாத தோலில், அதுவும் உட்காரும் இடத்துக்கு அருகில், புண் ஆறுவதற்கு மற்றவர்களுக்கு ஆவதைவிட நேரம் பிடிக்கும். அதுவரை வண்டியில் உட்காரும் நேரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. வலது சுண்டுவிரல் தோல் உரிந்திருந்ததை மறுநாள் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தார்கள். ஜாய்ஸ்டிக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருந்திருக்கிறது.

அதற்கு முன்னால் நடந்தவை

இது முதல் விபத்து என்றுதான் என்னிடம் சொன்னார்கள். அக்காவின் கால் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. என்ன என்று கேட்டேன். "அம்மிக்கல்லு" என்றார். அந்த வீட்டில் நான் அம்மியைப் பார்த்ததில்லை. அண்ணன் சிரித்துவிட்டார், பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

கால்தட்டில் அண்ணனின் பாதம் நழுவியிருந்ததைச் சரிசெய்ய அக்கா குனிந்தபோது, முந்தானை ஜாய்ஸ்டிக்கில் மாட்டி, வண்டி சட்டென்று நகர்ந்து அவர் காலில் ஏறியிருக்கிறது. வேறொரு நாள் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் வண்டி நின்றுவிட்டது. முதல் நாள் இரவு சார்ஜர் செருகியிருந்தது, ஆனால் சுவரில் சுவிட்ச் போடவில்லை. படுக்கப் போகும்முன் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைப்பது அக்காவின் வழக்கம். நின்ற வண்டியைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. எதிர்வீட்டுப் பையன் வந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு லீவரையும் திருப்பிவிட்டு, எளிதாகத் தள்ளிக்கொண்டு போனான். அக்காவுக்கு ஒரே ஆச்சரியம். லீவரை யாரும் பழையபடி திருப்பவில்லை. அன்று சாயங்காலம் வாசலில் காற்றுவாங்க உட்காரவைக்கலாம் என்று அக்கா கையாலேயே தள்ளிக்கொண்டு வந்து, சரிவின் தலையில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். வண்டி இறங்கி ஓடியது. கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டியில் மோதி நின்றது. நல்லவேளை, ஸ்கூட்டிக்குத்தான் செலவு.

இதையெல்லாம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? ஒவ்வொன்றும் சண்டையில் முடிந்திருக்கிறது. "பாத்து வர மாட்டியா" என்று அவர். "ஆன்ல ஏன் வெச்சிருக்கீங்க" என்று இவர். வெளியே சொன்னால் வண்டியைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயமும் அக்காவுக்கு இருந்தது. அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல, வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

என் கணிப்பு

நான்கையும் தனித்தனியாகப் பார்த்தால் நான்கு கவனக்குறைவு. மருத்துவமனைச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்: 'வீட்டில் தற்செயல்'. எனக்கு அது போதவில்லை. நான்கிலும் வண்டி பழுதாகவே இல்லை. எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. அந்த நிலை எது என்பது பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை.

பேட்டரி வண்டிக்கு மூன்று நிலை உண்டு. ஆனில் இருந்தால் ஜாய்ஸ்டிக்கை எது தொட்டாலும் போகும். விரலா, முந்தானையா, மேசைச் சட்டமா என்று அதற்குத் தெரியாது. ஆஃபில் இருந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ பூட்டிக்கொள்ளும். மோட்டாரில் இருக்கும் பிரேக்கை ஒரு ஸ்பிரிங் எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கிறது, மின்சாரம் வந்தால்தான் காந்தம் அதை இழுத்து விடுவிக்கும். மின்சாரம் போனால் சரிவில் உருண்டுவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த அமைப்பு அது. மூன்றாவது, லீவரைத் திருப்பிய நிலை. சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் தொடர்பு விட்டுப்போகும், தள்ளலாம். அந்த நிலையில் பிரேக் என்று ஒன்று கிடையாது. சில வண்டிகள் லீவர் திறந்திருந்தால் ஓட மறுத்து விளக்கை மினுக்கிக் காட்டும். ஆனால் அந்த எச்சரிக்கை ஆன் செய்து ஓட்டுபவருக்குத்தான், கையால் தள்ளுபவருக்கு ஒன்றும் தெரிய வராது.

அக்காவுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட யாரும் சொல்லித் தரவில்லை. வண்டி கொடுத்த அன்று அண்ணனை உட்காரவைத்து முன்னால், பின்னால், இடம், வலம் ஓட்டக் காட்டினார்கள். சால்வை, போட்டோ, ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். அக்கா போட்டோவில் ஓரமாக நிற்கிறார். ஓட்டுவதைத் தவிர மற்ற எல்லாமே, அதாவது சார்ஜ் போடுவது, லீவர், பெல்ட், கால்தட்டு, மேசை, சரிவு, அத்தனையும் அவர் கையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட, கையால் இயக்கும் சக்கர நாற்காலிகளுக்கான வழிகாட்டுதலில் வண்டி வழங்குவதை எட்டுப் படியாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழாவது படி பயிற்சி. பயன்படுத்துபவரோடு பார்த்துக்கொள்பவருக்கும் அதைத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் ஏழாவது படி போட்டோவோடு முடிந்துவிடுகிறது.

மேசை விபத்தில் இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. வண்டி ஏன் எப்போதும் ஆனிலேயே இருந்தது? சோம்பேறித்தனம் என்று அக்கா சொன்னார். அண்ணனைப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொன்னேன். பொத்தான் பெட்டியின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு பள்ளத்துக்குள் இருக்கிறது. விரல் நுனியால் அழுத்துகிறவர்களுக்காகச் செய்தது. அண்ணன் மடங்கிய விரல்களின் முட்டியை அதன்மேல் வைத்து, தோளால் தள்ளி, இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை அழுத்தினார். ஒவ்வொரு முறையும் இந்தப் பாடு. அதனால் காலையில் ஒருமுறை அக்கா ஆன் செய்தால் இரவு படுக்கும்போதுதான் ஆஃப். ஒரு மிளகு அளவு பள்ளத்திலிருந்து தொடங்கியிருக்கிறது தொடையில் பட்ட புண்.

செய்த மாற்றங்கள்

பொத்தான்தான் முதலில். எம்-சீல் கொஞ்சம் உருட்டி, உலர்ந்த பிறகு பொத்தானின் நடுவில் ஒட்டினோம். ஓரத்தில் பசை வழிந்து உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது முட்டியால் ஒரே தட்டு. இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. சில ஜாய்ஸ்டிக்குகளில் வெளியே பெரிய சுவிட்ச் ஒன்றை மாட்டிக்கொள்ள அடியில் துளை இருக்கும். பக்கவாட்டில் மடங்கி மேசைக்கு வழிவிடும் தாங்கிகளும் உண்டு. இந்த வண்டியில் இரண்டும் இல்லை. கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் தானாக ஆஃப் ஆகும்படி அமைக்கலாம் என்று கம்பெனி மெக்கானிக் சொன்னார், அமைத்தும் கொடுத்தார். வீட்டுக்குள் வேகத்தையும் கீழ்ப்படிக்கு இறக்கிவைத்தார். அண்ணனுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை.

மேசையின் அந்தப் பக்கத்துச் சட்டத்தைத் தச்சரை வைத்து அறுத்து எடுத்துவிட்டோம். நான்கு காலுக்கும் அடியில் கட்டை கொடுத்து, பலகை ஜாய்ஸ்டிக்கின் தலையைத் தொடாத அளவுக்கு உயர்த்தினோம். இனி தூக்கவேண்டியதில்லை. சூடானது எதுவும் அண்ணனின் கை மடங்கும் வளைவுக்குள் வராது. மேசைமேல் அந்த வளைவைச் சாக்பீஸால் நானே வரைந்து காட்டினேன், அக்கா அதைத் துடைக்காமல் வைத்திருந்தார்.

எல்லாவற்றையும்விட உருப்படியான மாற்றம் அண்ணனிடமிருந்து வந்தது. லீவரை விளக்கிக்கொண்டிருந்தபோது குறுக்கே பேசினார்.

"தம்பி, பிரஸ்ல பிளாங்கெட்ட, அதான் உருளையில சுத்தியிருக்குற ரப்பர் ஷீட்ட, தொடைக்க ஹெல்பர் கை வைக்கும்போது, சும்மா வைக்க மாட்டான். 'நிறுத்தியாச்சா'ன்னு கேப்பான். நான் 'நிறுத்தியாச்சு'ன்னு சத்தமாச் சொல்லணும். சொல்லாம கை வெச்சா, மெஷின் நின்னுருந்தாக்கூட நான் திட்டுவேன்."

"இதையும் அப்படித்தான வெச்சிருக்கணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத நான் மெஷின்னு நெனைக்கல" என்றார். நாற்காலி என்றுதான் நினைத்திருக்கிறார். அக்காவும் அப்படியே.

அன்றிலிருந்து அச்சகத்து வழக்கம் வீட்டுக்கு வந்தது. வண்டியையோ அவரையோ தொடுவதற்கு முன்னால் அக்கா கேட்பார், "நிறுத்தியாச்சா?" அண்ணன் பொத்தானைத் தட்டிவிட்டு, விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்வார். ஆரம்பத்தில் அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. விருந்தாளி இருக்கும்போதும் கேட்க வேண்டியிருக்கிறதே என்றார். ஆனால் ஒன்று கவனித்தேன். சண்டை குறைந்திருந்தது. முன்பெல்லாம் தவறு யாருடையது என்று பிறகு அடித்துக்கொண்டார்கள். இப்போது கேட்பது ஒருவர் வேலை, நிறுத்துவது மற்றவர் வேலை என்று முன்பே பிரிந்துவிட்டது. திட்டும் அதிகாரமும் அண்ணனுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது, அதை அவர் நன்றாகவே பயன்படுத்துகிறார்.

லீவர்கள் 'ஓட்டு' நிலையில் இருக்க வேண்டிய பக்கத்தில் அக்கா சிவப்பு நெயில்பாலிஷ் தீட்டியிருக்கிறார், எட்டி நின்று பார்த்தாலே தெரியும். சார்ஜரை அண்ணனின் கட்டிலுக்கு எதிரே மாற்றினோம். விளக்கு எரியாவிட்டால் இரவிலேயே அவர் சத்தம் போடுவார். லெட்-ஆசிட் வகை பேட்டரியைக் குறைந்த சார்ஜில் போட்டுவைத்தால் அதன் ஆயுள் குறையும், அதனால் அன்று ஓட்டியது கொஞ்சம்தான் என்றாலும் இரவு சார்ஜ் போட வேண்டும். கால்தட்டில் பாதத்துக்கு ஒரு பட்டை தைத்தாயிற்று. கால் வெட்டி இழுக்கும்போது பாதம் கீழே விழுந்து சக்கரத்தில் சிக்கினால் எலும்பு முறியும். நடக்காத காலின் எலும்பு வலுவற்றது.

முடியாமல் இருப்பது

வாசல் சரிவுக்கு வழி கிடைக்கவில்லை. மூன்று படிக்கட்டு, சுமார் 45 செ.மீ. உயரம். 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதுதான் நம் நாட்டு விதிகளில் சரிவுக்கு வைத்திருக்கும் எல்லை. அந்தக் கணக்கில் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். வாசலுக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவில் அதில் பாதிகூட இல்லை. கொத்தனார் இருந்த இடத்துக்குள் சிமென்ட் பூசிக் கொடுத்துவிட்டார். பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம், ஆனால் அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் குழாய் வருகிறது, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை சரிவில் லீவர் திறந்த நிலையில் வண்டி போகக்கூடாது, மகனோ எதிர்வீட்டுப் பையனோ கீழே நின்றால் ஒழிய அண்ணன் இறங்கக்கூடாது என்று வைத்திருக்கிறோம். அதாவது, வேலைநாளில் பகல் பொழுது முழுக்க அவர் வீட்டுக்குள்தான்.

அடுத்த முறை போகும்போது அக்காவை அந்த வண்டியில் உட்காரவைத்து, கூடத்தில் ஓட்டச் சொல்லப்போகிறேன். அண்ணன் சொல்லிக்கொடுப்பார். மாட்டேன் என்கிறார் அக்கா. அண்ணனோ, "மொதல்ல ஆஃப் பட்டன் எங்கன்னு காட்டு, அப்புறம் ஓட்டலாம்" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்.